இருபத்திரண்டாம் வாயில்

இன்று உலகெங்கும் பரந்து கிடக்கும் கணினி வலையில் முதன்முதல் அனுப்பப்பெற்ற செய்தி யாது என வினவினால், அது வாழ்த்தும் அன்று, வணக்கமும் அன்று. பூட்டிய கதவைத் தட்டி, 'உள்ளே விடுக' என்று கேட்ட கேள்வியே ஆகும். 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் இரவு பத்தரை மணியளவில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் சார்லி கிளைன் என்னும் மாணவர், வடக்கே ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்திலிருந்த கணினிக்குள் புக முயன்றார். உள்நுழைவைக் குறிக்கும் 'லாகின்' என்னும் ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாக அனுப்பினார். மறுமுனையில் பில் டுவால் என்பவர் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு எழுத்துக்கள் வந்து சேர்கின்றனவா எனச் சொல்லிக்கொண்டிருந்தார். 'எல்' வந்தது, 'ஓ' வந்தது, மூன்றாம் எழுத்தில் அங்கிருந்த கணினி நிலைகுலைந்து நின்றுவிட்டது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் சென்ற பின்னரே அச்சொல் முழுமையாகப் போய்ச் சேர்ந்தது.

தொலைவிலுள்ள கணினிக்குள் புகுந்து, அதன் முன்னே அமர்ந்திருப்பது போலவே கட்டளையிட உதவும் இம்முறையைத் 'தொலை ஷெல்' என்பர். ஷெல் என்பதற்கு ஓடு என்று பொருள். கணினியின் உள்ளீடாய் நின்று அனைத்தையும் இயக்கும் பகுதியைப் பருப்பு என்றும், அதனைச் சூழ்ந்து நின்று மனிதரின் கட்டளையைக் கேட்டு உள்ளே சொல்லும் பகுதியை ஓடு என்றும் அத்துறையினர் பெயரிட்டனர். உவமையாகுபெயருக்கு ஆங்கிலத்திலிருந்து எடுத்துக்காட்டு வேண்டுவோர் இதனைக் கொள்ளலாம்.

இவ்வசதி இன்றி இன்றைய உலகியல் நடவாது. வங்கிக் கணக்குகள், மருத்துவக் குறிப்புகள், செய்தித்தாள்களின் இணையப் பதிப்புகள் ஆகிய யாவும் 'சேவையகம்' எனப்படும் கணினிகளிலேயே தங்கியுள்ளன. அவை பெரும்பாலும் ஆளில்லாத அறைகளில், திரையும் விசைப்பலகையும் இன்றி, அடுக்கடுக்காக நிற்பவை. அவற்றைப் பேணுவோர் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு வேறொரு கண்டத்து இயந்திரத்தை நடத்துவர். உரியவன் புகும் அந்த வழியே கள்வனுக்கும் ஏற்ற வழி. அவ்வழிக்கு இடப்பெற்ற பூட்டின் வரலாற்றை நோக்குமிடத்து ஒன்று மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது: பூட்டை உடைத்து உட்புகுந்தவர் சிலரே, யாரையோ எதையோ சோதியாமல் நம்பிவிட்ட இடத்தில் புகுந்தவரே பலர்.

முதலில் பூட்டே இல்லை என்பதே உண்மை. 1969 செப்டம்பரிலேயே 'டெல்நெட்' என்னும் பெயர் அறிஞர்களின் குறிப்பொன்றில் காணப்படுகிறது. அம்முறை பலவாறு திருத்தம் பெற்று, 1983 மே மாதத்தில் ஜான் போஸ்டல், ஜாயிஸ் ரெய்னால்ட்ஸ் என்னும் இருவரால் தர விதியாக எழுதி வெளியிடப்பெற்றது. அதற்கு ஒதுக்கப்பட்ட வாயில் எண் 23. ஒரு கணினியில் பல பணிகள் நடப்பதால், எப்பணிக்கு வந்த செய்தி எது எனப் பிரித்தறிய ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அதனையே வாயில் எண் என்பர். டெல்நெட் முறையில் பயனர் தட்டும் ஒவ்வோர் எழுத்தும், கடவுச்சொல் உட்பட, உள்ளது உள்ளபடியே கம்பியில் சென்றது. உறையிலிடாத அஞ்சலட்டையில் பெட்டிச் சாவியின் அமைப்பை வரைந்து அனுப்புவது போன்றது இது. ஆயினும் அக்காலத்தாரைக் குறைகூறுதல் பொருந்தாது. வலையில் இருந்தவை சில பல்கலைக் கழகங்களும் ஆராய்ச்சிக் கூடங்களுமே, ஒருவரையொருவர் முகமறிந்தவர்கள்.

அந்நம்பிக்கை நெடுநாள் செல்லாது என எச்சரித்தவரும் இல்லாமற் போகவில்லை. 1973 டிசம்பரில் பாப் மெட்காப் என்னும் அறிஞர் ஒரு சிறு குறிப்பு எழுதினார். கணினி அறையின் கதவைப் பூட்டினால் போதும் எனப் பழகியவர்கள், தொலைவிலிருந்து புகுவோரைப் பற்றி எண்ணவில்லை என்றார். பலர் தம் பெயரையும், பெயரின் முதலெழுத்துக்களையும், தம் கணினியின் பெயரைத் தலைகீழாக எழுதியும், விசைப்பலகையில் அடுத்தடுத்துள்ள எழுத்துக்களைக் கொண்டும் கடவுச்சொல் அமைக்கின்றனர் என்றும் எடுத்துக்காட்டினார். ஐம்பது ஆண்டுகள் சென்ற பின்னும் அப்பட்டியலில் மாற்ற வேண்டியது மிகுதியில்லை. இதே மெட்காப்தான் அவ்வாண்டில் 'ஈதர்நெட்' என்னும் இணைப்பு முறையையும் படைத்தவர். பிற்காலத்தில் கடவுச்சொற்கள் திருடப்பட்ட இடமே அந்த ஈதர்நெட் கம்பிதான் என்பது வரலாற்றின் வேடிக்கை.

நிற்க. 1980-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லிப் பல்கலைக் கழகத்தார் யூனிக்ஸ் இயங்குமுறைக்கு 'ஆர்லாகின்', 'ஆர்எஸ்எச்' என்னும் கருவிகளைச் செய்து, 1983-இல் வெளியான தம் பதிப்பில் சேர்த்தனர். இவை டெல்நெட்டினும் எளிமையானவை. எவ்வெக் கணினியிலிருந்து வருவோரைக் கடவுச்சொல் கேளாமலே உள்ளே விடலாம் என்பதை ஒரு சிறு ஏட்டில் எழுதி வைத்தால் போதும். 'இன்ன ஊரிலிருந்து வருகிறேன்' என்று வந்தவன் சொன்னால், வாயிற்காவலன் அச்சொல்லையே சான்றாகக் கொண்டு கதவைத் திறந்து விடுவான். அவ்வாறு சொல்பவன் மெய்யாகவே அவ்வூரான்தானா?

இக்கேள்வியை முதலில் ஊன்றி நோக்கியவர்களுள் ஒருவர் ராபர்ட் டாப்பன் மாரிஸ் என்னும் இளைஞர். 1985-இல் பெல் ஆய்வுக்கூடத்தின் வெளியீடாக அவர் எழுதிய அறிக்கையில், பெர்க்லி முறையில் இணைப்புகளுக்கு இடப்படும் தொடர் எண்கள் முன்கூட்டியே ஊகிக்கத்தக்கவை என்றும், ஆதலால் ஒரு கணினி மற்றொன்றின் பெயரால் பொய்யாகப் பேச இயலும் என்றும் காட்டினார். மூன்றாண்டு கழித்து, 1988 நவம்பர் 2-ஆம் நாள், கார்னெல் பல்கலைக் கழக மாணவராக இருந்த அதே மாரிஸ், தானே பெருகிப் பரவும் நிரல் ஒன்றை வலையில் விட்டார். அது அஞ்சல் நிரலிலும் வேறொரு நிரலிலும் இருந்த ஓட்டைகளைப் பயன்கொண்டது, கடவுச்சொற்களை ஊகித்தது, ஒரு கணினி மற்றொன்றை நம்பி எழுதி வைத்த அந்தச் சிறு ஏட்டைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகத் தாவியது. அன்று இணையத்தில் இருந்தவை ஏறத்தாழ 60,000 கணினிகள் என்றும், அவற்றுள் 6,000 வரை செயலிழந்தன என்றும் மதிப்பிட்டனர். அவருக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூகப் பணியும், 10,050 டாலர் தண்டமும் விதிக்கப்பட்டன. அவருடைய தந்தையாரோ, 1979-இல் கென் தாம்சனுடன் சேர்ந்து யூனிக்ஸ் கடவுச்சொற் காவலைப் பற்றிப் புகழ்பெற்ற கட்டுரை எழுதியவர். மகன் வழக்கில் சிக்கிய காலத்தில் அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமையில் பணிபுரிந்தவர்.

1985-இல் சுட்டப்பெற்ற குறை காகிதத்தோடு நின்றுவிடவில்லை. 1994-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், சான் டியேகோவில் கணினிக் காவல் ஆராய்ச்சியாளரான சுதோமு ஷிமோமுராவின் கணினிகள் மீது அதே வழியில் தாக்குதல் நடைபெற்றது. அறிக்கை வெளிவந்து ஒன்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

ஆயினும் அவ்வாண்டில் பெருந்தொல்லை விளைத்தது வேறொன்று. அக்கால ஈதர்நெட்டில் ஒரு கட்டடத்துக் கணினிகள் அனைத்தும் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்டன. ஒரு கணினி பேசுவது அக்கம்பியிலுள்ள எல்லாவற்றுக்கும் கேட்கும். தனக்குரியதல்லாத பேச்சைக் கேளாது விட்டுவிடுவது ஒவ்வொரு கணினியின் நாகரிகமே அன்றிக் கட்டாயம் அன்று. அந்நாகரிகத்தைக் கைவிடுமாறு ஒரு கணினிக்குச் சொல்லிவிட்டால், அது எல்லார் பேச்சையும் ஒட்டுக்கேட்டுக் குறித்துக்கொள்ளும். 1994 பிப்ரவரி 3-ஆம் நாள் அமெரிக்கக் கணினி அவசர உதவிக் குழுவினர் வெளியிட்ட எச்சரிக்கையில், பல்லாயிரம் கணினிகளுக்குரிய நுழைவுக் குறிப்புகள் இவ்வாறு களவாடப்பட்டுவிட்டன என்று அறிவித்தனர். களவு நிரல் ஒவ்வொரு புதிய இணைப்பிலும் முதல் 128 எழுத்துக்களை மட்டுமே குறித்துக்கொண்டதாம். கள்வனுக்கு அதுவே போதும். பெயரும் கடவுச்சொல்லும் பேச்சின் தொடக்கத்திலேயே வந்துவிடுகின்றன அல்லவா? எத்துணை அரிய கடவுச்சொல்லாயினும் இங்குப் பயனில்லை. உரக்கச் சொல்லப்படும் மறைமொழி மறைமொழி ஆகாது.

இத்தகைய களவு பின்லாந்து நாட்டையும் எட்டியது. ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக் கழகத்தின் வலையில், 1995-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒட்டுக்கேட்கும் நிரல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அது சேர்த்து வைத்திருந்த பட்டியலில் ஆயிரக்கணக்கான பெயர்களும் கடவுச்சொற்களும் இருந்தன. அங்கு ஆராய்ச்சியாளராக இருந்த தாத்து யுலோனென் என்பவர் தம் நிறுவனத்தாரின் கடவுச்சொற்கள் சிலவும் அப்பட்டியலில் இருக்கக் கண்டார். அவ்வாண்டு இளவேனிலில் அமர்ந்து, பேச்சு முழுவதையும் மறையாக்கி அனுப்பும் புதிய கருவி ஒன்றை எழுதினார். அதுவே 'செக்யூர் ஷெல்', அஃதாவது பாதுகாப்பான ஓடு, சுருக்கமாக எஸ்.எஸ்.எச்.

கருவி முடியும் தறுவாயில் அதற்கொரு வாயில் எண் வேண்டியிருந்தது. டெல்நெட்டின் எண் 23. கோப்புகளைக் கொண்டுசெல்லும் எப்.டி.பி.யின் எண் 21. இவ்விரண்டுக்கும் மாற்றாக வந்ததே புதிய கருவி. நடுவில் 22 வெறுமையாய் இருந்தது. அந்த எண் கிடைத்தால் கருவிக்கு ஒரு மதிப்புப் பிறக்கும் என்று யுலோனென் கருதினார். 1995 ஜூலை 10-ஆம் நாள் எண்களை ஒதுக்கும் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் விண்ணப்பித்தார். மறுநாளே ஒதுக்கியாயிற்று என்று மறுமொழி வந்தது. மறுமொழி விடுத்தவர் ஜாயிஸ் ரெய்னால்ட்ஸ். டெல்நெட் விதியை எழுதிய இருவருள் ஒருவரான அதே அம்மையார், அதனை அகற்ற வந்த கருவிக்கும் பக்கத்து வாயிலைக் கொடுத்துவிட்டார். ஜூலை 12-ஆம் நாள் முதற் பதிப்பு விலையின்றி வெளியாயிற்று. அவ்வாண்டு முடிவதற்குள் 50 நாடுகளில் ஏறத்தாழ 20,000 பேர் அதனைக் கையாண்டனர் எனக் கணக்கிட்டனர். உதவி கேட்டு நாள்தோறும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மடல்கள் வரவே, டிசம்பரில் யுலோனென் அதற்கென ஒரு நிறுவனம் தொடங்கினார்.

எஸ்.எஸ்.எச். செய்யும் வேலை மூன்று: பேச்சைப் பிறர் கேளாமல் மறைத்தல், எதிரே இருப்பது உரிய சேவையகமே எனப் பயனருக்கு மெய்ப்பித்தல், வந்தவர் உரிய பயனரே எனச் சேவையகத்துக்கு மெய்ப்பித்தல். முதல் வேலையில் ஒரு புதிர் உண்டு. மறைத்துப் பேச இருவருக்கும் பொதுவான ஒரு மறைபொருள் வேண்டும். அம்மறைபொருளைக் கள்வர் கேட்கும் கம்பி வழியாகவே எவ்வாறு பகிர்ந்துகொள்வது? 1976-இல் விட்பீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் அமெரிக்கர் இருவர் இதற்கு விடை வெளியிட்டனர். பிரிட்டிஷ் அரசின் மறைச் செய்தி அலுவலகத்தார் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இவ்வகைக் கருத்துக்களைக் கண்டிருந்தும் அதனை 1997 வரை உலகுக்குச் சொல்லவில்லை.

அவ்விடையை அடுக்களையிலிருந்து ஓர் உவமை கொண்டு விளக்கலாம். எல்லாரும் அறிந்த ஒரு கறித்தூளை இரு வீட்டாரும் எடுத்துக்கொள்கின்றனர். ஒவ்வொருவரும் தமக்கு மட்டுமே தெரிந்த ஒரு சரக்கை அதில் இடித்துச் சேர்த்து, அக்கலவையை மற்றவர்க்கு வெளிப்படையாக அனுப்புகின்றனர். வந்த கலவையில் மீண்டும் தத்தம் சரக்கைச் சேர்த்தால் இரு வீட்டிலும் ஒரே தூள் அமையும். வழியில் நின்று பார்த்தவன் இரு கலவைகளையும் கண்டிருப்பான். ஆயின் இடித்ததைப் பிரித்தெடுக்கவல்லவன் அல்லன். சரக்குக்குப் பதில் பேரெண்களைக் கொண்டு இது நடைபெறுகிறது. யுலோனெனின் முதற் பதிப்பு ஆர்.எஸ்.ஏ. என்னும் வேறு முறையில் மறைபொருளை அனுப்பியது. பின்னர் வந்த இரண்டாம் பதிப்பே டிஃபி, ஹெல்மன் வழியைத் தழுவியது.

இரண்டாம் வேலை இதனினும் கடினம். எவ்வளவு நன்றாக மறைத்துப் பேசினாலும், பேசுவது கள்வனோடு என்றால் என்ன பயன்? ஆதலின் ஒவ்வொரு சேவையகத்துக்கும் அதற்கே உரிய சாவியும், அச்சாவியின் சுருக்கமான 'விரல்ரேகை'யும் உண்டு. ஒருவர் முதன்முறை ஒரு சேவையகத்தை நாடும்பொழுது, இவ்வியந்திரத்தின் மெய்ம்மையை உறுதிசெய்ய இயலவில்லை என்றும், இதன் விரல்ரேகை இது என்றும் சொல்லி, தொடரலாமா எனக் கருவி கேட்கும். பயனர் ஆம் என்றால் அதனை ஏட்டில் பதிந்துகொள்ளும்; பிறகு ரேகை மாறினால் உரத்த குரலில் எச்சரிக்கும். விரல்ரேகையை வேறு நம்பகமான வழியில் கேட்டறிந்து ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே ஆம் எனல் வேண்டும். நடைமுறையிலோ பெரும்பாலோர் படிக்காமலே 'ஆம்' என்று தட்டிவிடுகின்றனர்.

தமிழாசிரியர்க்கு இவ்விடத்தில் சிலப்பதிகாரம் நினைவுக்கு வராமற் போகாது. அரசியின் சிலம்பும் கண்ணகியின் சிலம்பும் புறத்தோற்றத்தில் ஒன்று. உள்ளே இருக்கும் பரல் முத்தா மாணிக்கமா என்பதே வேறுபாடு. உடைத்துப் பார்ப்பது கணநேரத்து வேலை. ஆயினும் பொற்கொல்லன் சொல்லைச் சான்றாக ஏற்ற பாண்டியன், அச்சோதனையைக் கண்டது கோவலன் வெட்டுண்ட பின்னரே. விரல்ரேகையைப் பாராமல் ஆம் என்று தட்டுவோரும், கேடு வந்த பின்னரே ரேகையைத் தேடுகின்றனர்.

மூன்றாம் வேலைக்குக் கடவுச்சொல்லும் பயன்படும். எனினும் சாவியிணையே சிறந்தது. இதில் 'பொதுச் சாவி' என்று வழங்குவது உண்மையில் பூட்டையே ஒத்தது. யார் கையில் இருந்தாலும் தீங்கில்லை. 'தனிச் சாவி' ஒருபொழுதும் உரியவர் கணினியை விட்டு வெளியேறுவதில்லை. சேவையகம் ஒரு சோதனை வைக்க, தனிச் சாவி உடையவரே அதற்கு விடையளிக்க முடியும். விடையைக் கேட்டவனால் சாவியை அறிய முடியாது. 1994-இன் ஒட்டுக்கேட்பு நிரலுக்கு இங்கு உணவில்லை.

சேவையகம் ஒன்றைப் புதிதாக அமைப்போர் இன்று கடைப்பிடிக்கும் ஒழுங்குகள் இவ்வரலாற்றின் தழும்புகள் எனலாம். முதலில் தம் கணினியில் சாவியிணையை உண்டாக்கி, தனிச் சாவியை ஒரு கடவுத்தொடரால் பூட்டி வைக்கின்றனர். பொதுச் சாவியைச் சேவையகத்தில் தம் பெயருக்குரிய ஏட்டில் எழுதுகின்றனர். அவ்வேட்டைப் பிறர் திருத்தத்தக்கதாக விட்டுவைத்தால் கருவி அதனை ஏற்க மறுத்துவிடும். பெர்க்லிக் காலத்து ஏடுகள் கற்பித்த பாடம் அது. பின்னர் அமைப்புக் கோப்பில் கடவுச்சொல் வழியே நுழைவதை அடைக்கின்றனர். 'ரூட்' என்னும் முதன்மைப் பயனர் நேரே புகுவதையும் தடுக்கின்றனர். ரூட் கடவுச்சொல்லால் நேரே புகுதல் 2015 முதற்கொண்டு கருவியின் இயல்பமைப்பிலேயே விலக்கப்பட்டுள்ளது.

இவ்வேலையில் பழகியோர் தவறாது செய்வது ஒன்றுண்டு. திருத்தம் செய்த பின், பழைய இணைப்பை மூடாமலே வைத்துக்கொண்டு, வேறொரு புதிய இணைப்பில் புகுந்து பார்ப்பர். எங்கேனும் ஓர் எழுத்துப் பிழைத்திருந்தால் புதிய இணைப்புத் தோற்கும். பழையதன் வழியே பிழையைத் திருத்திக்கொள்ளலாம். முன்னதை மூடிவிட்டுச் சோதிப்பவர், சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியவர் ஆவர். வாயில் எண்ணை 22-இலிருந்து வேறொன்றுக்கு மாற்றுவோரும் உளர். அதனால் ஊகித்துத் தட்டும் தானியங்கி நிரல்களின் இரைச்சல் குறையுமே ஒழியக் காவல் கூடுவதில்லை. சாவிகளுக்கோ வேறொரு குறை உண்டு: அவை தாமாகக் காலாவதி ஆவதில்லை. பணியை விட்டுச் சென்றவரின் சாவியும் ஏட்டிலிருந்து எடுக்கப்படும் வரை கதவைத் திறக்கும். 2015-இல் அமெரிக்கத் தர நிலையம் இதனைக் குறித்து வெளியிட்ட அறிக்கையை எழுதியவர்களுள் யுலோனெனும் ஒருவர்.

இனி, கருவி எல்லார்க்கும் உரியதான கதை. யுலோனெனின் நிறுவனம் பிந்திய பதிப்புகளின் உரிமத்தை இறுக்கிக்கொண்டே வந்தது. 1999-இல் பியோர்ன் குரோன்வால் என்னும் சுவீடியர், கட்டுப்பாடு இல்லாத பழைய பதிப்பைத் தேடியெடுத்துப் பிழை நீக்கினார். கனடாவில் தியோ டி ராட் தலைமையில் 'ஓப்பன்-பி.எஸ்.டி.' இயங்குமுறையைச் செய்துவந்த குழுவினர் அதனை எடுத்துச் செப்பம் செய்து, 1999 டிசம்பர் 1-ஆம் நாள் 'ஓப்பன்-எஸ்.எஸ்.எச்.' என்ற பெயரில் வெளியிட்டனர். மறையாக்க நிரல்களை அமெரிக்கா தளவாடங்களைப் போலக் கருதி ஏற்றுமதிக்குத் தடையிட்டிருந்த காலம் அது. கனடாவில் இருந்தது அவர்களுக்கு நலமாயிற்று. 2001-இல் பெயருரிமை குறித்து யுலோனென் எழுப்பிய வேண்டுகோளை அவர்கள் ஏற்கவில்லை. இன்று லினக்ஸ் சேவையகங்களில் வழக்கமாகக் காணப்படுவது ஓப்பன்-எஸ்.எஸ்.எச். கருவியே, 2018 முதல் விண்டோஸ் கணினிகளிலும் அது உடன் வருகிறது.

பூட்டிலேயே குறை நேர்ந்ததும் உண்டு என்பதை மறைத்தல் ஆகாது. முதற் பதிப்பின் விதியில், செய்தி வழியில் திருத்தப்பட்டதா என அறியும் சோதனை வலுவற்றது என 1998-இல் தெரிந்தது. அதற்கு மருந்தாக ஒரு காவற்பகுதியைச் சேர்த்தனர். பெரிய எண் தங்க வேண்டிய இடத்தில் சிறிய கலத்தை வைத்ததால், அம்மருந்திலேயே ஓட்டை இருந்தது. 2001-இல் அது வெளிப்பட்டது. 2003-இல் வந்த 'மேட்ரிக்ஸ் ரீலோடட்' திரைப்படத்தில் மின்நிலையக் கணினிக்குள் புகும் கதைத்தலைவி காட்டும் வித்தை இதுவே. திரைப்படத்தில் கணினி வித்தை மெய்யாயிருப்பது அரிதாகையால் அத்துறையினர் அதனை இன்றும் மகிழ்ந்து சொல்வர். முழுதும் புதிதாய் அமைத்த இரண்டாம் பதிப்பின் விதிகள் 2006 ஜனவரியில் தரமாக வெளியாயின.

ஆயின், கணக்கு பிழையின்றி இருந்தும் காவல் முழுவதும் வீழ்ந்த நிகழ்ச்சி அவ்வாண்டிலேயே தொடங்கியது. சாவிகளின் வலிமை, அவற்றை ஆக்கப் பயன்படும் எண்கள் ஊகிக்க இயலாதவையாக இருப்பதில் உள்ளது. 2006 மே மாதத்தில் டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டில், பிழைகாட்டும் கருவி ஒன்று குறைகூறியது என்பதற்காக, இரண்டே வரிகளைப் பராமரிப்பாளர் நீக்கினார். அவ்வரிகளோடு ஊகிக்க இயலாமையும் போயிற்று. ஒரு வகையில் ஓர் அளவில் பிறக்கக்கூடிய சாவிகள் 32,767 மட்டுமே என்றாயிற்று. வானத்து மீன்களினும் மிகுதியாக இருக்க வேண்டிய தொகை, ஒருவன் ஓரிரு நாளில் எண்ணித் தீர்க்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. லூசியானோ பெல்லோ என்பவர் கண்டு சொல்ல, 2008 மே 13-ஆம் நாள் செய்தி வெளியாயிற்று. இடைப்பட்ட இரண்டாண்டில் அவ்வாறு ஆக்கிய சாவிகள் அனைத்தையும் உலகெங்கும் தேடித் தேடி நீக்க வேண்டியதாயிற்று. பூட்டு சரியாகவே இருந்தது. பட்டறையை யாரும் சோதிக்கவில்லை.

2024-ஆம் ஆண்டு நிகழ்ந்தது இதனினும் நுட்பமானது. கோப்புகளைச் சுருக்க உதவும் 'எக்ஸ்-ஸெட்' என்னும் சிறு கருவி ஒன்று உண்டு. பின்லாந்தைச் சேர்ந்த தனியொருவர் பல்லாண்டுகளாக ஊதியமின்றிப் பேணிவந்தது அது. 2021 முதல் 'ஜியா டான்' என்ற பெயருடைய ஒருவர் அவருக்குத் திருத்தங்கள் அனுப்பி உதவலானார். வேறு சில பெயர்களிலிருந்து, வேலை சுணங்குகிறது, பொறுப்பை இன்னொருவரிடம் கொடுக்கலாகாதா என்ற நெருக்குதலும் எழுந்தது. சோர்ந்திருந்த பராமரிப்பாளர் உதவிக்கு வந்தவரை நம்பிப் பொறுப்பில் பங்கு தந்தார். இரண்டாண்டுக்கு மேல் குற்றமற்ற வேலை நடந்தது. 2024 பிப்ரவரியில் வெளியான 5.6.0 பதிப்பில் கள்ளக் கதவு ஒன்று புதைக்கப்பட்டது. டெபியன், பெடோரா முதலிய வெளியீடுகளில் எஸ்.எஸ்.எச். சேவை வேறொரு நூலகத்தின் வழியாக இக்கருவியைத் தன்னுள் ஏற்றிக்கொள்ளும். அதனால், குறிப்பிட்ட மறைச் சாவி உடையவன் எவனும் அச்சேவையகங்களில் தன் கட்டளையை நடத்தியிருக்க முடியும்.

அதனைக் கண்டுபிடித்தது காவற்படை அன்று. காலதாமதத்தைப் பொறாத ஒருவருடைய கண். மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் தரவுத்தளப் பணி செய்யும் ஆண்ட்ரஸ் பிராயிண்டு என்பவர், தம் சோதனைகளுக்கிடையே எஸ்.எஸ்.எச். நுழைவு வழக்கத்தினும் மந்தமாக இருக்கக் கண்டார். 0.299 நொடியில் முடிய வேண்டியது 0.807 நொடி பிடித்தது. அரை நொடிதானே என்று விடாமல் காரணத்தைத் தேடிச் சென்று, 2024 மார்ச் 29-ஆம் நாள் கண்டதை வெளியிட்டார். கள்ளக் கதவு அப்பொழுது பெரும்பாலும் சோதனை வெளியீடுகளையே எட்டியிருந்தது. சில திங்கள் சென்றிருப்பின் எண்ணற்ற சேவையகங்களில் அது குடிபுகுந்திருக்கும். அடுத்து ஜூலை 1-ஆம் நாள் குவாலிஸ் நிறுவனத்தார் வேறொன்று கண்டனர்: 2006-இல் அடைக்கப்பட்ட ஓர் ஓட்டை, 2020 அக்டோபரில் செய்த ஒரு திருத்தத்தால் ஓப்பன்-எஸ்.எஸ்.எச்.சில் மீண்டும் திறந்துகொண்டிருந்தது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் அவ்வரி ஏன் எழுதப்பட்டது என்பதைத் திருத்தியவர் கருதவில்லை போலும்.

இப்பொழுது காவலர்கள் எண்ணி நடுங்கும் கள்வன் இன்னும் கருவி கைவரப் பெறாதவன். குவாண்டம் கணினிகள் போதிய வலிமை பெறுமாயின், டிஃபி, ஹெல்மன் காட்டிய கலவையைப் பிரித்தெடுத்துவிடும் என்பது கணித நூலார் அறிந்ததே. இன்று புரியாத பேச்சை இன்றே நகலெடுத்துச் சேர்த்து வைத்து, அக்கணினி வந்தபின் திறந்து படிக்கலாம் அல்லவா? இதனை எண்ணி, 2022 ஏப்ரலில் வெளியான ஓப்பன்-எஸ்.எஸ்.எச். 9.0 பதிப்பு, பழைய முறையோடு குவாண்டம் கணினிக்கும் தாங்கும் எனக் கருதப்படும் ஒரு முறையையும் பிணைத்து இயல்பமைப்பாக்கியது. 2025 ஏப்ரலில் வந்த 10.0 பதிப்பு, அமெரிக்கத் தர நிலையம் ஏற்ற 'எம்.எல்.-கெம்' முறையை அவ்விடத்தில் வைத்தது, டி.எஸ்.ஏ. என்னும் பழைய சாவி வகையையும் அடியோடு நீக்கியது. யுலோனென் முதலில் கையாண்ட மறையாக்க முறைகளுள் பல இவ்வாறு ஒவ்வொன்றாக விடைபெற்றுப் போயின. 2015-இல் காலமான ஜாயிஸ் ரெய்னால்ட்ஸ் அம்மையார் ஒரே நாளில் ஒதுக்கிக் கொடுத்த வாயில் எண் மட்டும் இன்றளவும் 22-ஆகவே இருந்து வருகிறது.